இருபத்தெட்டுக்குள்

ஜனவரி 9

அன்பு மருமகள் குண்டம்மாவுக்கு,

உன் மாமா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம். நீயும் அங்கே அப்படித்தான் இருப்பாய் என்று தெரியும். இருந்தாலும் கேட்பது முறை, அதனால் கேட்கிறேன்: உடம்பு சுகம்தானே?

நீ போய்ச் சேர்ந்ததும் போட்ட கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. வழக்கம்போல நான்தான் உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நீ எழுதியிருந்தது ஆறே வரி. எழுத்துத் தெரியாத மனுஷிக்கு ஆறு வரி எந்த மூலைக்கு? அதனால் கொஞ்சம் பூ வைத்து, பொட்டு வைத்து வாசித்தேன். உன் விடுதி மூன்று மாடி, ஜன்னலைத் திறந்தால் தோட்டம், சாப்பாட்டு அறையில் இரண்டாவது தடவை கேட்டால்கூட முகம் சுளிக்காமல் போடுகிறார்கள் என்றெல்லாம் நீ எழுதியதாகச் சொன்னேன். அக்காவுக்கு அன்றைக்கு முழுக்கச் சிரிப்பு.

பெரிய ஓட்டல்களின் வரவேற்பு மேசை வேலைக்குப் படிப்பு என்றால் சும்மாவா! வர்றவன் போறவன் எல்லாம் முதலில் உன் முகத்தில்தான் முழிக்க வேண்டும். ஜூன் மாத நேர்முகத்துக்குள் இடுப்பு இருபத்தெட்டு இஞ்சுக்குள் வர வேண்டும் என்று நடை சொல்லிக் கொடுக்கிற மிஸ் சொன்னதாகவும், அளந்து பார்க்க உன்னிடம் டேப் இல்லை என்றும் எழுதியிருந்தாய். கவலையை விடு. இதோடு ஒரு இஞ்ச் டேப் வைத்திருக்கிறேன். இது கடையில் கிடைக்கிற டேப் இல்லை. எங்கள் தையல் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர் தன் கழுத்திலிருந்து கழற்றி, 'இதை வச்சிக்கிற தகுதி இந்தக் கம்பெனியில உனக்கு மட்டும்தான்யா இருக்கு' என்று என் கழுத்தில் மாலை போலப் போட்டது. அயர்ன் டேபிள் பக்கம் நான் மேற்பார்வைக்குப் போகும்போதெல்லாம் இது என் கூடவேதான் இருக்கும். எத்தனையோ பெரிய மனிதர்களின் இடுப்பைப் பார்த்த டேப். பொய் சொல்லத் தெரியாத டேப்.

உன்னை அளக்கப் போகிறார்கள் என்றதும் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. உனக்குப் பத்து வயது. தானியக் கடையில் மூட்டை நிறுக்கிற தராசில் உன்னைத் தூக்கி உட்கார வைத்தேன். 'யார் சரியாச் சொல்றாங்க பார்ப்போம்!' என்று கூவினேன். தெருவே கூடிவிட்டது. கடைசியில் நானே எட்டூருக்குக் கேட்கிற மாதிரி, 'நாற்பத்தொன்னு!' என்றேன். நீயும் விழுந்து விழுந்து சிரித்தாய். அந்த மாதிரி குழந்தை யாருக்குக் கிடைக்கும்?

நன்றாகச் சாப்பிடு, நன்றாக நட. மற்றதை மாமா பார்த்துக்கொள்வேன்.

உன்னை விட்டால் வேறு மருமகள் இல்லாத
மாமா

ஜனவரி 24

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? குளிர் நாள் என்பதால் கேட்கிறேன்.

டேப் வந்தது. நன்றி மாமா. ஒரே ஒரு விஷயம். கடித உறையின் மேல் 'குண்டம்மாவுக்கு' என்று எழுதாதீர்கள். ஏனென்றால் வார்டன் அம்மா சாப்பாட்டு அறையில் நின்றுகொண்டு பெயர் கூப்பிட்டுத்தான் கடிதம் கொடுப்பார். 'குண்டம்மா யாரு? எழுந்திரு' என்றார். நான் உடனே எழுந்திருக்கவில்லை. ஆனாலும் எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரு அறையில் நான்கு கட்டில்கள். பக்கத்துக் கட்டில்காரி நல்லவள். தூக்கத்தில்கூட இங்கிலீஷில்தான் பேசுகிறாள். காலையில் நடை மிஸ் வகுப்பு. கண்ணாடிச் சுவருக்கு எதிரே வரிசையாக நடக்க வேண்டும். கண்ணாடியில் நான்தான் இரண்டு பேர் இடத்தை எடுத்துக்கொள்கிறேன். ஆகவே கடைசியில் நிற்பது என்று முடிவு செய்தேன்.

மதியம் இங்கிலீஷ் மிஸ். அவர் நல்ல மாதிரி. இணைப்புச் சொற்கள் என்று ஒரு பட்டியலைப் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார்: ஆல்தோ, பிகாஸ், ஹவ்எவர், தேர்ஃபோர், மோர்ஓவர். ஒரு வாக்கியத்தை இன்னொரு வாக்கியத்தோடு கை கோத்துவிடுகிற சொற்கள். அவை இல்லாவிட்டால், எழுதுகிறவர் என்ன நினைக்கிறார் என்பது படிக்கிறவருக்குத் தெரியாது என்கிறார். அந்தச் சொற்களைப் போட்டு 'என் உடம்பும் நானும்' என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்.

டேப்பில் அளந்தேன். முப்பத்திரண்டு.

அம்மாவுக்கு என் முத்தம்.

தங்கள் மருமகள்

பிப்ரவரி 6

அன்பு மருமகள் குண்டம்மாவுக்கு,

உறை மேல் எழுதக் கூடாது என்றாய், எழுதவில்லை. உள்ளே எழுதினால் எந்த வார்டன் வந்து பார்ப்பாள்? உடம்பும் மனசும் சுகம்தானே? நாங்கள் சுகம். அக்காவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் கோபித்துக்கொள்கிறது.

நீ சொன்ன அந்தச் சொற்கள் எனக்கு நன்றாகத் தெரியும். நாங்கள் அதைக் கொக்கி என்போம். சட்டையின் இரண்டு பக்கத்தையும் கொக்கி சேர்ப்பது போல. ஆறாம் வகுப்பை நான் இரண்டு தடவை படித்தவன்; மற்றவர்களைவிட ஒரு தடவை அதிகம். ஹவ்எவர், அந்தக் காலத்து வாத்தியாருக்கே என்னைப் பார்த்தால் பயம். மோர்ஓவர், வெளிநாட்டு வியாபாரி ஒருவர் கம்பெனிக்கு வந்தபோது நான் அவரிடம் நேராகவே, 'தேர்ஃபோர் குட் மார்னிங்' என்றேன். மனுஷர் அசந்துபோய் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

முப்பத்திரண்டா? என் டேப் சொன்னால் சொன்னதுதான். மாமா வீட்டு ரத்தம், சும்மா விடுமா! நான்கு இஞ்சு ஒரு விஷயமா? வாயைக் கொஞ்சம் கட்டு, தானாக இறங்கிவிடும்.

அக்காவுக்கு உன் கடிதத்தை வாசித்தேன். நடை வகுப்பில் உன்னை முன்வரிசையில் நிறுத்துகிறார்கள் என்று சொன்னேன். 'அவ்வளவு வெட்கப்படுற பொண்ணு முன்னாடி நிக்கிறாளா?' என்றாள். 'அக்கா, எழுதியிருக்கிறதைத்தான் வாசிக்கிறேன்' என்று ஒரு அதட்டுப் போட்டேன்.

அந்த இங்கிலீஷ் கட்டுரையை எனக்கு அனுப்பு. கம்பெனியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். 'உங்க வீட்டுப் பொண்ணு இங்கிலீஷ்ல எழுதுமா?' என்று சட்டைக்குக் காஜா போடுகிற ஒருவன் கேட்டான். அவன் முகத்தில் கரி பூச வேண்டும். மறக்காதே.

உன் பெருமையில் பாதிக்குச் சொந்தக்காரனான
மாமா

மார்ச் 2

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமா?

சாப்பாடு நன்றாக இருக்கிறது. நான்தான் தட்டை விட்டுச் சீக்கிரம் எழுந்துவிடுகிறேன். வெயில் நாள் வந்துவிட்டது என்கிறார்கள். எனக்குக் குளிர்கிறது, ஆகவே இரண்டு சட்டை போட்டுக்கொள்கிறேன்.

போன திங்கட்கிழமை நடை மிஸ் என்னைப் பெயர் சொல்லி முன்னால் கூப்பிட்டார். 'இவளைப் பாருங்க. மனசு வச்சா முடியும்கிறதுக்கு இவதான் சாட்சி' என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அம்மாவிடம் முன்வரிசை என்று சொன்னீர்களே, அது இப்போது உண்மையாகிவிட்டது.

நீங்கள் மறக்காமல் அனுப்பச் சொன்னதால் கட்டுரையை அனுப்புகிறேன். மிஸ் இருபதுக்குப் பத்தொன்பது போட்டார். நீங்கள் மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

டேப்பில் முப்பது.

தங்கள் மருமகள்

மார்ச் 20

அன்பு மருமகளுக்கு,

சுகம். சுகமா?

கட்டுரை வந்தது. எங்கள் ஆபீஸ் கிளார்க்குக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. மத்தியான இடைவேளையில் அவரை அயர்ன் டேபிள் மேலேயே ஏறி உட்காரச் சொல்லி, எல்லோரையும் கூப்பிட்டு வாசிக்க வைத்தேன். அவர் ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னார். ரொம்ப உயர்ந்த இங்கிலீஷ் என்றார். பாதியில் மணி அடித்துவிட்டது. எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள்.

இந்த வாரம் வேலை அதிகம். ஆகையால் நீளமாக எழுத முடியவில்லை.

உறை மேலும் உள்ளேயும் இனி அந்தப் பெயரை எழுத மாட்டேன். தினமும் அளக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒரு தடவை போதும். பால் தருகிறார்களா? பால் குடி. அக்காவும் அதையே சொல்லச் சொன்னாள்.

மாமா

ஏப்ரல் 17

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அம்மா எப்படி இருக்கிறாள்?

சீருடைக்கு அளவு எடுத்தார்கள். தையல்காரர் வந்திருந்தார். என் இடுப்பு அவருடைய டேப்பில் இருபத்தாறு. அன்று காலையில் உங்கள் டேப்பில் இருபத்தெட்டு. அவர் மூன்று தடவை அளந்தார். 'இந்தப் பொண்ணுக்கு இருக்கிறதிலேயே சின்ன அளவுகூடத் தொளதொளன்னு இருக்கும்' என்றார். நடை மிஸ் சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரி சிரிக்கவில்லை.

எது சரி மாமா?

நீங்கள் அந்தத் தொழிலில் இருப்பவர். அதனால் கேட்கிறேன். நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறேன்.

சீக்கிரம் பதில் போடுங்கள்.

தங்கள் மருமகள்

ஏப்ரல் 25

அன்பு மருமகளுக்கு,

மாமாவும் அக்காவும் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைப் பார்த்ததும் சிரிப்புத்தான் வந்தது. யாரோ ஊர்பேர் தெரியாத தையல்காரன், கழுத்தில் ஒரு ரப்பர் நாடாவை மாட்டிக்கொண்டு வந்து என் டேப்போடு போட்டி போடுகிறானா? பழைய டேப்பெல்லாம் இழுத்து இழுத்து நீண்டுபோயிருக்கும். நீண்ட டேப் குறைத்துத்தான் காட்டும். இது தொழிலில் பாலபாடம். இருபத்தாறாம், இருபத்தாறு! அவனை இங்கே வரச் சொல். கட்டிங் மாஸ்டர் முன்னால் நிறுத்தி நான்கு கேள்வி கேட்கிறேன்.

என் டேப்தான் சரி. இதில் சந்தேகமே வேண்டாம். இருபது வருஷமாக இந்தத் தொழிலில் கரை கண்டவன் சொல்கிறேன். நீ இருபத்தெட்டு. சரியாக எல்லைக்கோட்டில் நிற்கிறாய். ஜூன் வரை அப்படியே பிடித்துக்கொள். ஒரு இஞ்சு குறைந்தால்கூட நல்லதுதான், நேர்முகத்தன்று பயமில்லாமல் மூச்சு விடலாம்.

அக்காவிடம் நீ சீருடையில் ராணி மாதிரி இருக்கிறாய் என்று வாசித்தேன். 'கன்னம் வத்தலையே?' என்றாள். 'ஆப்பிள் மாதிரி இருக்காம்' என்றேன்.

என்றும் தவறாத அளவோடு,
மாமா

ஜூன் 3

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் மருமகளின் பக்கத்துக் கட்டிலில் இருப்பவள். உங்களுக்கு எழுதுவது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் என்னோடு பேச மாட்டாள். இப்போதே அதிகம் பேசுவதில்லை.

முந்தாநாள் நேர்முகம். கேள்விகளுக்கெல்லாம் நன்றாகப் பதில் சொன்னாள். அதன் பிறகு டாக்டர் பரிசோதனை. எடை பார்க்க ஏறி நின்றவள் அப்படியே விழுந்துவிட்டாள். டாக்டர் அவள் தாளில் 'உடல் தகுதி இல்லை' என்று எழுதினார். மூன்று மாதமாக அவளைப் பார்த்துக் கை தட்டிய நடை மிஸ், 'இந்த அளவுக்குப் போகச் சொன்னது யாரு?' என்று எங்கள் முன்னால் கேட்டார்.

சாப்பாட்டு அறையில் ரொட்டியை மடியில் போட்டுக்கொள்வாள். பிறகு அதைக் குப்பையில் பார்ப்பேன். மூன்று சட்டை போட்டுக்கொண்டு நடுங்குகிறாள். குளிக்கிற அறையின் வடிகாலில் அவள் தலைமுடியை நான்தான் எடுத்துப் போடுகிறேன், அவள் பார்க்கக் கூடாது என்று.

இங்கிலீஷ் மிஸ் கவலைப்படுகிறார். அவள் எழுதுவதில் ஒரு இணைப்புச் சொல்கூட இப்போது இல்லையாம். எல்லாம் துண்டு துண்டு வாக்கியம். 'பத்தொன்பது வாங்கினவளுக்கு என்ன ஆச்சு?' என்று கேட்டார். 'எதை எதோட சேர்க்கிறதுன்னு தெரியல மிஸ்' என்றாள்.

தினமும் காலையில் ஒரு டேப்பால் அளக்கிறாள். 'அது தப்பான டேப்டி, தையல்காரர் சொன்னாரே' என்றேன். 'எங்க மாமா சரின்னு எழுதியிருக்காரு' என்று உங்கள் கடிதத்தைக் காட்டினாள்.

தயவு செய்து வாருங்கள். உடனே வர முடியாவிட்டால் ஒரு வரியாவது எழுதுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
பக்கத்துக் கட்டில்காரி

ஜூன் 10

அம்மா மருமகளே,

முதலில் சாப்பிடு. சாப்பிட்டுவிட்டு இதைப் படி.

டேப் தப்பு. தையல்காரர் சொன்னதுதான் சரி. உனக்கு இருபத்தெட்டு இவ்வளவு பெரிய கவலையாக இருந்திருக்க வேண்டியதில்லை. முப்பத்திரண்டு என்று நீ முதலில் எழுதியபோதே உண்மையில் நீ முப்பதுகூட இல்லை.

அது கட்டிங் மாஸ்டர் கொடுத்த டேப் இல்லை. கழித்துப் போட்ட சாமான் பெட்டியிலிருந்து நான் எடுத்தது. துணி டேப். ஏன் கழித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. மே மாதம் முதல் வாரத்தில், தைத்ததைச் சோதிக்கிற செக்கிங் அம்மா எல்லாருடைய டேப்பையும் ஸ்டீல் ஸ்கேலில் வைத்துச் சரிபார்த்தாள். கழித்துப் போட்டதில் ஒன்று குறைகிறது என்றாள். நான்தான் எடுத்தேன், மருமகளுக்கு அனுப்பிவிட்டேன் என்றேன். 'ஐயோ, அது அயர்ன் டேபிள் பக்கத்துல தொங்கி ஆவியில சுருங்கிப்போனதுய்யா! ரெண்டு இஞ்சு கூடக் காட்டும். துணிக்கே ஆகாதுன்னு தூக்கிப் போட்டதை ஒரு பொண்ணுக்கு அனுப்பினியா?' என்றாள்.

அது மே முதல் வாரம். இன்று ஜூன் பத்து. நடுவில் மூன்று தடவை உனக்குக் கடிதம் எழுதிக் கிழித்தேன். 'என் டேப்தான் சரி' என்று எழுதின கையால் 'தப்பு' என்று எழுத வரவில்லை. நேர்முகம் முடியட்டும், வேலை கிடைத்த சந்தோஷத்தில் சொன்னால் சிரித்துவிடுவாய் என்று நினைத்தேன்.

நான் மேற்பார்வைக்காரனும் இல்லை. இருபது வருஷமாக அயர்ன் போடுகிறேன். யாருடைய இடுப்பையும் நான் அளந்தது கிடையாது.

அந்தக் கட்டுரை விஷயமும் சொல்லிவிடுகிறேன். மணி அடிக்கவில்லை. கிளார்க் வாசித்தார்: 'எனக்குப் பத்து வயதுதான்; ஆனாலும் அந்த எண் என்னவென்று எனக்குப் புரிந்தது. மாமா அதைச் சத்தமாகச் சொன்னார். ஆகவே தெருவே கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள் என்பதால் நானும் சிரித்தேன். மேலும், அன்றிலிருந்து யார் சிரித்தாலும் அது என்னைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன்.' கிளார்க்கே என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். அந்த காஜா போடுகிறவன் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். மிச்சத்தை அவரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். 'இருந்தபோதிலும் என் மாமாவுக்கு என் மேல் உயிர்' என்று முடித்திருந்தாய். அதற்குப் பதில் நீ வேறு ஏதாவது எழுதியிருக்கலாம்.

டேப்பைத் தூக்கிப் போடு. வேலை போனால் போகட்டும், ஆயிரம் வேலை. நீ சாப்பிட்டால் போதும். தப்பு என்னுடையது, டேப் பொய், இனி எல்லாம் சரியாகிவிடும் இல்லையா? ஆம் என்று ஒரு வரி எழுது.

மாமா

ஜூன் 21

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது.

டேப் தப்பு என்று தெரியும். ஏப்ரலில் உங்கள் பதில் வந்த அன்றே இங்கிலீஷ் மிஸ் மேசையில் இருந்த ஸ்டீல் ஸ்கேலில் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் ஸ்கேல். இன்னொரு பக்கம் உங்கள் கடிதம். ஸ்கேலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டில் எது என்னைத் திட்டுகிறதோ அதைத்தான் நம்ப முடிகிறது. இப்போது அதில் இருபத்தைந்து. நிற்கவில்லை. நிறுத்தத் தெரியவில்லை. நீங்கள் தப்பு என்று சொன்னால் நின்றுவிடும் என்று நானும் நினைத்திருந்தேன். படித்தேன். நிற்கவில்லை.

உங்கள் மேல் கோபம் இல்லை. கோபப்பட உடம்பில் ஒன்றும் இல்லை.

அம்மாவிடம் சொல்லாதீர்கள். எப்போதும் போல வாசியுங்கள். ஆப்பிள் மாதிரி இருக்கிறேன் என்று சொல்லுங்கள். நீங்கள் வாசித்துக் காட்டுகிற அந்தப் பெண் நன்றாக இருக்கிறாள். அவள் இருக்கட்டும்.

மருமகள்

ஜூலை 4

பக்கத்து வீட்டு டீச்சர் அவர்களுக்கு வணக்கம். கீழே இருப்பதை என் அக்காவுக்கு எழுதியிருக்கிறபடியே வாசித்துக் காட்டுங்கள். பாவம் என்று எதையும் விடாதீர்கள். அவளை உட்கார வைத்துவிட்டு வாசியுங்கள்.

அக்கா,

கம்பெனி வேலையாகப் போகிறேன், வரும்போது பெண்ணையும் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தானே வந்தேன். கம்பெனி வேலை எதுவும் இல்லை. அவள் விடுதியிலும் இல்லை. நான் வருவதற்கு இரண்டு நாள் முன்பே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜனவரியிலிருந்து நான் உனக்கு வாசித்த கடிதங்கள் அவள் எழுதியவை இல்லை. பெயரும் தேதியும் மட்டும்தான் அவளுடையது. தோட்டம், இரண்டாம் தடவைச் சோறு, ஆப்பிள் கன்னம் எல்லாம் நான் சொன்னது. அவள் எழுதிய காகிதங்கள் என் பெட்டியில், வெள்ளைச் சட்டைக்கு அடியில் இருக்கின்றன. டீச்சரை விட்டு எடுத்து வாசிக்கச் சொல். டேப் விஷயம் அதில் இருக்கிறது. படித்த பிறகு என்னோடு பேச வேண்டாம் என்றால் பேசாதே. ஆனால் வா.

வார்டுக்குள் போனதும் அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. யாரோ வயதான அம்மா என்று நினைத்து அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். 'மாமா, இங்கே' என்று குரல் கேட்டுத் திரும்பினேன். குரல் மட்டும்தான் நம்முடையது.

கையில் மெல்லிய பூனைமுடி வளர்ந்திருக்கிறது. உடம்பு தன்னைத்தானே போர்த்திக்கொள்ளப் பார்க்கிறது என்றாள் நர்ஸ். இதயம் மெதுவாக அடிக்கிறது என்றார் டாக்டர். பெரிய டாக்டர் இல்லை, இளம் டாக்டர்தான். அவர் என்னை நெருங்கிய நண்பன் மாதிரி நடத்தவும் இல்லை. 'நீங்க யாரு?' என்று மட்டும் கேட்டார். மாமா என்றேன். 'இவ்வளவு நாள் எங்க இருந்தீங்க?' என்றார். அயர்ன் போட்டுக்கொண்டிருந்தேன் என்றேன்.

நேற்று மூன்று கரண்டி பால் குடித்தாள். இன்று காலை இரண்டு. மத்தியானம் ஒன்று, அதையும் வாந்தி எடுத்துவிட்டாள். சாயங்காலம் வாயைத் திறக்கவில்லை. 'ஒரே ஒரு கரண்டி, மாமாவுக்காக' என்று கெஞ்சினேன். 'உங்களுக்காகத்தான் மாமா ரெண்டு குடிச்சேன்' என்றாள்.

கொஞ்ச நேரம் முன்பு, 'யாருக்கு எழுதுறீங்க?' என்று கேட்டாள்.

'அம்மாவுக்கு.'

'என்னன்னு?'

'உள்ளதை.'

'வேண்டாம் மாமா. ரெண்டு தட்டு சாப்பிடுறேன்னு எழுதுங்க. அடுத்த மாசம் வரேன்னு எழுதுங்க. உங்களுக்கு அது நல்லா வரும்.'

என் கையிலிருந்து பேனாவை வாங்கப் பார்த்தாள். பிடித்தாள் அக்கா, ஆனால் பிடித்தது தெரியவே இல்லை. நான் கையை அசைக்காமல் வைத்திருந்தேன். அவளே விட்டுவிட்டாள்.

முழங்கால் வலியோடு உன்னால் தனியாகப் படி ஏற முடியாது. டீச்சரைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள். காலை பஸ்ஸே வேண்டும், மத்தியான பஸ் தாமதம். 'அம்மாவை வரச் சொல்லிடுங்க' என்றார் டாக்டர். எதற்கு என்று நான் கேட்கவில்லை. நீயும் யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்காதே. கிளம்பு.

உன் தம்பி